ஐப்பசிப் பலகாரம்: வீட்டுப் பங்குக் கடலை முதல் தரமாக இருக்கட்டும்

புதுக்கோட்டை மாவட்டம், திருமயம் வட்டத்தைச் சேர்ந்த அரிமளம் பகுதி செம்மண் பூமி. கண்மாய்த் தண்ணீரை நம்பி ஒரு போக நெல்லும், மேட்டு நிலத்தில் வானத்தை நம்பி நிலக்கடலையும் இப்பக்கத்துச் சிறு விவசாயிகளின் முக்கியமான வெள்ளாமைகள். ஆனி, ஆடியில் விதைத்த கடலை சுமார் 105 நாட்களில் முதிர்ந்து, புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் பறிப்புக்கு வருகிறது. நவராத்திரி, தீபாவளி, திருக்கார்த்திகை என்று பண்டிகைகளும் இந்த இரண்டு மூன்று மாதங்களில்தான் அடுத்தடுத்து வருகின்றன. வடகிழக்குப் பருவமழை இறங்குவதும் இப்போதுதான்.

புதுக் கடலையும் பண்டிகையும் ஒன்றாக வருவது வீட்டுக்கு நல்லது. கடலையும் மழையும் ஒன்றாக வருவது நல்லதல்ல. சொந்தக் காட்டில் விளைந்ததைக் கொண்டு வீட்டிலேயே பலகாரம் செய்து பிள்ளைகளுக்குக் கொடுப்பதைப் போலச் சிக்கனமும் சத்தும் வேறு எதிலும் இல்லை. ஆனால் அந்தக் கடலை எப்படிப் பறிக்கப்பட்டது, எப்படிக் காய்ந்தது, அதில் எது வீட்டுக்கு என்று ஒதுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே அது உணவாவதும் நஞ்சாவதும் இருக்கிறது.

நல்லது வியாபாரிக்கு, கழிவு வீட்டுக்கு

கடலை பறித்ததும் பல வீடுகளில் நடப்பது இதுதான். திரட்சியான காயெல்லாம் மூட்டை கட்டி விற்பனைக்குப் போகிறது. பொக்குக் காய், சுருங்கிய காய், கரையான் அரித்த காய், மண்வெட்டி பட்டு உடைந்த காய், மழையில் நனைந்து நிறம் மாறிய காய் ஆகியவை ஒரு மூலையில் குவிகின்றன. ‘வீட்டுக்கு இது போதும்’ என்று அதை உடைத்து வறுக்கவும், சட்னி அரைக்கவும், உருண்டை பிடிக்கவும் எடுத்துக்கொள்கிறார்கள். விலை போகாததை வீணாக்காமல் சாப்பிடுவது சிக்கனம் என்பது எண்ணம்.

இந்த எண்ணம் தவறானது. நிலக்கடலையைப் பிடிக்கும் பூஞ்சை நஞ்சு எல்லாப் பருப்பிலும் ஒரே சீராக இருப்பதில்லை. சுருங்கியது, உடைந்தது, பூச்சி அரித்தது, நிறம் மாறியது ஆகிய பருப்புகளில்தான் அது மிகுதியாகச் சேர்ந்திருக்கும். ஒரு மூட்டையில் நூறு பருப்புக்கு ஒன்றிரண்டு கெட்டிருந்தாலும் மொத்த நஞ்சில் பெரும்பகுதி அந்த ஒன்றிரண்டிலேயே இருக்கக்கூடும். எனவே கழித்துப் போட்டதை வீட்டுக்கு வைத்துக்கொள்ளும் குடும்பம், விற்ற மூட்டையில் இருந்த நஞ்சையும் சேர்த்துத் தன் பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்கிறது என்றே சொல்ல வேண்டும்.

ஈரத்தில் வளரும் நஞ்சு

ஈரம் காயாத கடலையில் மஞ்சளும் பச்சையுமாகப் படரும் ஒருவகைப் பூஞ்சை உண்டு. ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்பது அதன் பெயர். அது உண்டாக்கும் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். இங்கிலாந்தில் 1960-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. அவற்றுக்குப் போட்ட தீவனத்தில் இருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தபோதுதான் இந்த நஞ்சு உலகுக்குத் தெரியவந்தது.

கோழிக்கு வந்தது மனிதருக்கும் வரும் என்பதை நம் நாடே 1974-ல் கண்டது. குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களின் எல்லையோரக் கிராமங்களில் அவ்வாண்டு பருவம் தவறிய மழையில் மக்காச்சோளம் நனைந்தது. சரியாகக் காயவைக்காமல் வீட்டில் சேர்த்த அந்தத் தானியத்தைத் தின்ற ஏழைக் குடும்பங்களில் மஞ்சள் காமாலையும் வயிறு வீக்கமும் பரவின. மருத்துவர்கள் பதிவு செய்த 397 நோயாளிகளில் 106 பேர் இறந்தார்கள். அதே உணவைத் தின்ற வீட்டு நாய்களும் செத்தன. கென்யா நாட்டில் 2004-ல் இதே போல ஈர மக்காச்சோளத்தால் 125 பேர் மாண்டார்கள். இரண்டு இடங்களிலும் இறந்தவர்களில் பெரும்பாலோர் தாம் விளைவித்ததைத் தாமே உண்ட சிறு குடியானவர்கள்.

நிலக்கடலையில் இவ்வளவு கடுமையாக ஒரே நாளில் தெரியும்படி கெடுதல் வருவது அரிது. சிறிது சிறிதாகப் பல ஆண்டுகள் உடலில் சேர்ந்து ஈரலைக் கெடுப்பதே இதன் வழக்கம். ஈரல் புற்றுநோய்க்கு இந்த நஞ்சு ஒரு காரணம் என்பது உறுதி செய்யப்பட்டிருக்கிறது. ஈரலில் ஏற்கெனவே கோளாறு உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அபாயம் அதிகம்.

முக்கியமாக ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். வறுத்தால் பூஞ்சை சாகும், நஞ்சு சாகாது. அடுப்பில் வறுக்கும் சூட்டில் நஞ்சின் ஒரு பகுதியே குறையும். வெல்லப் பாகில் போட்டாலும், எண்ணெயில் பொரித்தாலும் முழுவதும் நீங்காது. கழுவினாலும் போகாது. ஆகவே இந்த நஞ்சைத் தடுக்க வேண்டிய இடம் காடும் களமும்தான். அடுப்படிக்கு வந்த பிறகு செய்யக்கூடியது பொறுக்கி எறிவது ஒன்றே.

பறிப்பில் கவனம்

காய் முற்றியதா என்பதை அறியச் சில செடிகளைப் பிடுங்கிக் காயை உடைத்துப் பார்க்கலாம். தோட்டின் உட்புறம் வெள்ளையாக இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. பழுப்பு நிறம் ஏறி, வரிகள் கறுத்துத் தெரிந்தால் முற்றிவிட்டது. நான்கில் மூன்று பங்கு காய்கள் இப்படி இருந்தால் பறிப்பைத் தொடங்கிவிடலாம்.

இங்கு பெரும்பாலும் பயிராகும் கொத்துக் கடலை இரகங்களுக்கு விதை உறக்கம் கிடையாது. முற்றிய பிறகு மழை பெய்து ஈரம் நின்றால் மண்ணுக்குள்ளேயே முளைவிட்டுவிடும். முளைத்த பருப்பு எண்ணெய்க்கும் ஆகாது, பலகாரத்துக்கும் ஆகாது. காம்பு நைந்து காய் மண்ணிலேயே தங்கிவிடும் நட்டமும் உண்டு. எனவே வானிலை அறிவிப்பைக் கவனித்து, பெருமழைக்கு முன் இரண்டு மூன்று நாள் வெயில் கிடைக்கும்போது பறிப்பை முடித்துவிடுவது நல்லது. மழையே இல்லாமல் செம்மண் இறுகிக் கிடந்தால் பிடுங்கும்போது காய் அறுந்துபோகும். லேசான ஈரம் இருக்கும் நாளில் பிடுங்குவது எளிது.

கடைசி மூன்று நான்கு வாரங்களில் மண் வறண்டு சூடேறியிருந்தால் பூஞ்சை மண்ணுக்குள்ளேயே காயைத் தொற்றிவிடும். கிணற்றில் தண்ணீர் இருப்பவர்கள் அந்தச் சமயத்தில் ஒரு தண்ணீர் கட்டுவது பயிருக்கும் நல்லது, பலகாரத்துக்கும் நல்லது. வாடிக் காய்ந்து செத்த செடிகளைப் பறிப்பின்போது தனியே ஒதுக்க வேண்டும். அவற்றின் காயை நல்ல காயோடு கலக்கக் கூடாது. மண்வெட்டி பட்டு உடைந்த காயையும் அன்றே தனியாக எடுத்துவிட வேண்டும்.

மழைக்கு நடுவே உலர்த்துவது

புதிதாகப் பிடுங்கிய காயில் நூற்றுக்கு 40 பங்கு வரை ஈரம் இருக்கும். சேமித்து வைக்க 8 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. 100 கிலோ பச்சைக் காய் நன்றாகக் காய்ந்தால் 65 கிலோ அளவுக்கு இறங்கிவிடும். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால் ஈரக் காயாக விற்கும்போது விலை பேசவும் உதவும்.

பிடுங்கிய செடியைக் குவித்துப் போடுவது பெருந்தவறு. குவியலின் நடுவே சூடேறி ஒரே இரவில் பூஞ்சை பிடிக்கும். செடியைத் தலைகீழாக, காய் மேலே பார்க்கும்படி வரிசையாகப் பரப்ப வேண்டும். காற்றும் வெயிலும் காயில் படும். மேகம் கட்டினால் சிறுசிறு கட்டுகளாகக் கட்டித் திண்ணையிலோ தாழ்வாரத்திலோ காய் வெளியே தெரியும்படி தொங்கவிடலாம். கொட்டகை இருப்பவர்கள் மூங்கில் கட்டி அதன் மேல் போடலாம்.

கடலை ஆய்ந்த பிறகு தார்ப்பாயிலோ சிமெண்டுக் களத்திலோ இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பரப்ப வேண்டும். ஒரு நாளில் நான்கைந்து முறை கிளறிவிட வேண்டும். சாயங்காலம் கூட்டி மூடும்போது உடனே பிளாஸ்டிக் தாளைப் போட்டு இறுக்கக் கூடாது. காயின் சூடு ஆறுவதற்குள் மூடினால் உள்ளே வேர்த்துத் தண்ணீர் கோத்துக்கொள்ளும். சூடாறிய பின் சாக்கைப் போட்டு, அதன் மேல் தாளை விரிக்கலாம். தார்ச்சாலையில் காயப்போடுவதை விட்டுவிட வேண்டும். வண்டிச் சக்கரம் ஏறி நொறுங்கிய காயில்தான் பூஞ்சை முதலில் நுழைகிறது. விதைக்கென்று வைக்கும் காயை உச்சி வெயிலில் சுடும் களத்தில் போட்டால் முளைப்புத் திறனும் குறையும்.

காய்ந்ததை அறிய எளிய வழிகள் உண்டு. காதருகே குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிக்க வேண்டும். பருப்பை விரலிடையே தேய்த்தால் தோல் உரிந்து வர வேண்டும். கடித்தால் வளையாமல் ‘பட்’டென்று உடைய வேண்டும். இன்னொரு வழி நிறுத்துப் பார்ப்பது. ஒரு பையில் கொஞ்சம் காயைப் போட்டு அடையாளம் வைத்து, களத்தில் மற்றக் காயோடு பரப்பிக் காயவைத்து, தினமும் மாலையில் நிறுக்கலாம். நல்ல வெயில் அடித்த இரண்டு நாட்களுக்கு எடை குறையாமல் நின்றால் காய் காய்ந்துவிட்டது.

அடைமழை பிடித்து வெயிலே வராவிட்டால் எல்லாக் காயையும் காப்பாற்ற முடியாமல் போகலாம். வீட்டுப் பங்கையாவது காப்பாற்றுவது கையில் இருக்கிறது. பத்து இருபது கிலோ காயை வீட்டுக்குள் மெல்லியதாகப் பரப்பி மின்விசிறிக் காற்றில் விடலாம். விறகடுப்பு எரியும் வீடுகளில் அடுப்புக்கு மேல் பரண் கட்டி அதில் பரப்புவது பழைய முறை. புகையில் நிறம் சற்று மங்கினாலும் கடலை கெடாது.

ஆய்ந்த கடலையில் ஒரு பங்கைக் கூலியாகக் கொடுக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அந்தப் பங்கு பெரும்பாலும் பச்சைக் காயாகவே அன்று மாலை கூலியாட்களின் வீட்டுக்குப் போகிறது. களம் இல்லாத அவர்களும் அதை மூட்டையிலேயே வைத்துவிடாமல் அன்றைக்கே பரப்பிவிட வேண்டும். நிலத்துக்காரர் தம் களத்தில் அவர்கள் காயையும் சேர்த்துக் காயவைக்க இடம் கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

வீட்டுப் பங்கு எவ்வளவு?

ஐந்து பேர் கொண்ட குடும்பத்தில் ஆளுக்குத் தினம் ஒரு கைப்பிடி, அதாவது சுமார் 30 கிராம் பருப்பு என்று கணக்கிட்டால் மாதம் நாலரை கிலோ ஆகும். கடலைக் காயில் நூற்றுக்கு 70 பங்கு பருப்பு கிடைக்கும். 40 கிலோ காய் கொண்ட ஒரு மூட்டையை ஒதுக்கினால் 28 கிலோ பருப்பு. பொறுக்கிக் கழித்தது போக 25 கிலோ வரை தேறும். ஐப்பசியிலிருந்து மாசி வரை ஐந்து மாதத்துக்குப் பலகாரத்துக்கும் சட்னிக்கும் அது போதும். நிலக்கடலைப் பருப்பில் நூற்றுக்கு 25 பங்கு புரதச் சத்தும் 40 பங்கு கொழுப்பும் உண்டு. கறியும் முட்டையும் தினம் வாங்க இயலாத வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு இந்தக் கைப்பிடிக் கடலை பெரிய துணை.

இந்த ஒரு மூட்டையை விற்பனைக்குப் போனது போக மிஞ்சியதில் எடுக்கக் கூடாது. முதல் நாள் வெயிலில் நன்றாகக் காய்ந்த, திரண்ட காயில் முதலிலேயே எடுத்துத் தனியாக வைக்க வேண்டும். விதைக்கு ஒதுக்குவதில் எவ்வளவு கவனமோ அவ்வளவு கவனம் இதிலும் வேண்டும். ஏக்கருக்கு 50 கிலோ விதைப் பருப்பு தேவை என்று விதைக் காயை முதலில் ஒதுக்குகிற கை, அத்தோடு வீட்டுக் காயையும் ஒதுக்கிவிட்டால் வேலை முடிந்தது.

சேமிக்கும்போது பருப்பாக உடைத்து வைக்காமல் காயாகவே வைக்க வேண்டும். தோடுதான் கடலைக்குக் கவசம். சுத்தமான காய்ந்த சாக்கில் கட்டி, தரையில் வைக்காமல் பலகையின் மேல், சுவரை ஒட்டாமல் வைக்க வேண்டும். அந்தந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கையால் தொலித்துக்கொள்ளலாம். இயந்திரத்தில் உடைக்கும்போது பருப்பு நொறுங்காமல் இருக்கக் காயின் மேல் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. காயவைத்த பாடெல்லாம் அந்த ஒரு குடம் தண்ணீரில் வீணாகிவிடும். வீட்டுக்கு உடைக்கும் கடலையில் இதைச் செய்யவே கூடாது.

தொலித்த பருப்பைச் சுளகில் பரப்பி வெளிச்சத்தில் பொறுக்க வேண்டும். சுருங்கியது, கறுத்தது, மஞ்சள் பாரித்தது, முளைத்தது, ஓட்டை விழுந்தது, பொடி ஒட்டியது எல்லாவற்றையும் நீக்க வேண்டும். வறுத்துத் தோல் நீக்கிய பிறகு இன்னொரு முறை பார்த்தால் உள்ளே நிறம் மாறியதும் தெரிந்துவிடும். தின்னும்போது கசக்கிற கடலையை விழுங்காமல் துப்பிவிடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கழித்த கடலையைக் கோழிக்கும் மாட்டுக்கும் போடக் கூடாது. கோழிக் குஞ்சும் வாத்துக் குஞ்சும் இந்த நஞ்சைத் தாங்கா. பசு தின்றால் நஞ்சின் ஒரு கூறு பாலில் இறங்கும். செக்கில் ஆட்டினாலும் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கி மறுபடியும் மாட்டுக்கே போகும். எருக்குழியில் புதைப்பதே சரி.

பருவத்துக்கேற்ற பலகாரங்கள்

அவித்த பச்சைக் கடலை: பறித்த அன்றே செய்ய வேண்டியது. காயை மண் போக நான்கைந்து தண்ணீரில் அலசி, மூழ்கும் அளவு தண்ணீரும் உப்பும் போட்டு, மூடி, முக்கால் மணி நேரம் வேகவைக்க வேண்டும். வெந்த பின் அரை மணி நேரம் அந்தத் தண்ணீரிலேயே கிடந்தால் உப்பு உள்ளே இறங்கும். அவித்த காயை அன்றே தின்று தீர்த்துவிட வேண்டும். அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் கடலை அறுவடைக் காலத்தில் இதே போல அவித்துச் சாப்பிடுகிறார்கள். மூன்று நான்கு நாள் மூட்டையில் கிடந்த பச்சைக் காயை அவிக்கலாம் என்று எடுக்கக் கூடாது.

கடலை உருண்டை: வறுத்துத் தோல் நீக்கிய பருப்பு ஒரு கிலோவுக்கு வெல்லம் அரைக் கிலோ போதும். இனிப்பு கூடுதலாக வேண்டுவோர் இன்னும் 100 கிராம் சேர்க்கலாம். கடலையை மணலில் வறுத்தால் எல்லாப் பக்கமும் ஒரே சீராக வறுபடும். தீ மெதுவாக எரிய வேண்டும். வெல்லத்தை ஒரு தம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டிக் காய்ச்ச வேண்டும். வடிகட்டாவிட்டால் மண் நறநறக்கும். பாகை ஒரு சொட்டு எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் விட்டுப் பார்க்க வேண்டும். கரைந்தால் இன்னும் காய வேண்டும். உருட்ட வந்து மிருதுவாக இருந்தாலும் போதாது. உருட்டியதைத் தட்டில் போட்டால் ‘டங்’கென்று ஒலிக்கும் பதம் வர வேண்டும். அந்தப் பதத்தில் இறக்கி, சுக்குத் தூளும் ஏலக்காயும் போட்டு, கடலையைக் கொட்டிக் கிளறி, கையில் அரிசி மாவு தடவிக்கொண்டு சூட்டோடு பிடிக்க வேண்டும். ஆறினால் பிடிக்க வராது. அப்போது சட்டியைச் சிறுதீயில் காட்டினால் இளகும்.

கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதிலும் இருப்பது இதே கடலையும் இதே வெல்லமும்தான். நல்ல பருப்பும் சரியான பாகுப் பதமும் இருந்தால் வீட்டு உருண்டையும் அதற்குக் குறைந்ததல்ல.

கேழ்வரகுச் சிமிலி: கடலை உருண்டைக்குப் பல் இல்லாத பெரியவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இது ஏற்றது. கேழ்வரகு மாவு அரைக் கிலோவில் சிட்டிகை உப்புப் போட்டுக் கெட்டியாகப் பிசைந்து, தோசைக்கல்லில் கனமான அடையாகத் தட்டி இருபுறமும் நன்றாக வேகவிட வேண்டும். ஆறியதும் பிய்த்து, 200 கிராம் வறுத்த கடலை, கால் கிலோ வெல்லம், ஏலக்காய் சேர்த்து உரலில் இடித்து உருண்டை பிடிக்கலாம். இடிக்கும்போது வரும் கடலை எண்ணெயே போதும், நெய் தேவையில்லை. கேழ்வரகில் 100 கிராமுக்கு 344 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அடையில் ஈரம் இருப்பதால் சிமிலியை மறுநாளுக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழுக் கடலையைக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும் அபாயம் உண்டு. அவர்களுக்குக் கடலையை நன்றாக இடித்தே கொடுக்க வேண்டும்.

சுண்டல்: நவராத்திரி ஒன்பது நாளும் வீட்டில் இருக்கும் பயறுகளுக்கு வேலை வந்துவிடும். தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு, பச்சைப்பயறு எதுவாயினும் முதல் நாள் இரவே ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்துத் தாளிக்க வேண்டும். உப்பை வெந்த பிறகு போட்டால் பயறு மலர்ந்து வேகும். மாவட்டத்துக்குள்ளேயே வம்பனில் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கு உருவான உளுந்து, பாசிப்பயறு இரகங்களை வரப்பிலும் ஊடுபயிராகவும் போட்டு வைத்தால் சுண்டலுக்கும் செட்டிநாட்டுப் பக்கம் செய்யும் மாவுருண்டைக்கும் பயறு வீட்டிலேயே கிடைக்கும்.

அதிரசம்: ஈரம் வேண்டிய ஒரே பலகாரம் இது. பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணி மேல் பரப்பி, கையில் ஒட்டாமல் ஆனால் ஈரப்பசை இருக்கும்போதே இடித்துச் சலிக்க வேண்டும். ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம். பாகு தண்ணீரில் விட்டால் மிருதுவாக உருளும் பதத்தில் இருந்தால் போதும். மாவைக் கொட்டிக் கிளறி ஒரு நாள் வைத்திருந்து மறுநாள் தட்டிச் சுட வேண்டும். பாகு முற்றினால் அதிரசம் கல்லாகும். இளகினால் எண்ணெயில் பிரிந்துவிடும்.

கார்த்திகைப் பொரி: திருக்கார்த்திகைக்கு நெல் பொரியும் அவல் பொரியும் உருண்டை பிடிப்பது வழக்கம். சம்பா நெல் தை மாதத்தில்தான் களத்துக்கு வரும் என்பதால் பொரிக்கு முந்திய ஆண்டு நெல்லே பயன்படும். நான்கு படி பொரிக்கு அரைப் படி வெல்லத் தூள் கணக்கு. பாகு கடலை உருண்டைக்கு வந்த அதே பதத்தில் இருக்க வேண்டும். தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறி நெய்யில் சிவக்க வறுத்துப் போட்டால் ஈரம் போய்விடும், பொரி நமுத்துப் போகாது. உமி ஒட்டிய பொரியைச் சுளகில் புடைத்து நீக்க மறக்கக் கூடாது.

மழை நாளில் பலகாரம் கெடாதிருக்க

வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். உருண்டைகள் முழுவதும் ஆறிய பிறகே டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோத்துச் சொட்டும். இறுக மூடும் தகர டப்பாவோ எவர்சில்வர் தூக்கோ நல்லது. ஈரக் கையால் எடுக்கக் கூடாது. இப்படி வைத்தால் கடலை உருண்டை இரண்டு மூன்று வாரம் இருக்கும். வறுத்த கடலை காற்றுப் பட்டால் காறல் எடுக்கும். எனவே ஒரு மாதத்துக்கு வேண்டியதை மொத்தமாக வறுத்து வைக்காமல் பத்து நாளைக்கு ஒரு முறை வறுப்பது மேல். பலகாரத்தின் மேல் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அந்த இடத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம் என்று நினைக்கக் கூடாது. முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

விற்பனைக்குச் செய்வோருக்கு

மகளிர் சுய உதவிக் குழுக்கள் கடலை உருண்டையும் பொரி உருண்டையும் செய்து விற்பது நல்ல தொழில். காயாக விற்றால் வியாபாரி சொல்லும் விலை. உருண்டையாக விற்றால் செய்தவர் சொல்லும் விலை. ஆனால் ஊருக்கு விற்கும்போது பொறுப்பும் கூடுகிறது. 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டப்படி சிறு அளவில் தயாரிப்பவர்களும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பொட்டலத்தில் தயாரித்த தேதி இருக்க வேண்டும். விலை மலிவாகக் கிடைக்கிறது என்று கழிவுப் பருப்பை வாங்கிப் பாகில் மறைத்துவிட முடியாது. தின்பவருக்குத் தெரியாமல் போகலாம், ஈரலுக்குத் தெரியாமல் போகாது. நன்றாகக் காய்ந்த காயை உறுப்பினர்களின் வீடுகளிலிருந்தே நேராக வாங்கி, குழுவாக உட்கார்ந்து பொறுக்கினால் தரமும் கிடைக்கும், அந்த வீடுகளுக்கு நல்ல விலையும் கிடைக்கும்.

சுருங்கச் சொன்னால், ஐப்பசிப் பலகாரத்துக்கான வேலை அடுப்பு மூட்டும் நாளில் தொடங்குவதில்லை. செடியைப் பிடுங்கிக் காய் மேலே பார்க்கப் பரப்பும் நாளிலேயே தொடங்குகிறது. இந்தப் பறிப்பில் ஒவ்வொரு வீடும் செய்ய வேண்டியது மூன்று. முதல் தரக் காயில் ஒரு மூட்டையை வீட்டுக்கென்று முதலிலேயே ஒதுக்க வேண்டும். அதைக் குலுக்கினால் ஒலிக்கும் வரை காயவைக்க வேண்டும். உடைத்த பருப்பில் கெட்டதைப் பொறுக்கி எருக்குழிக்கு அனுப்ப வேண்டும். இவை செய்துவிட்டால் தீபாவளிக்குப் பிள்ளைகள் கையில் கொடுக்கும் கடலை உருண்டை, விளைவித்த குடும்பத்துக்கு நிலம் கொடுத்த நல்ல பங்காக இருக்கும்.